ஒரு கிண்ணம் தண்ணி

இல்லைங்க, லிஃப்டுல ஒரு கோளாறும் இல்ல. அதை முடிச்சு, மேலயும் கீழயும் ஓட்டிப் பாத்துட்டுதான் வர்றேன். நான் வந்தது சொந்த விஷயமா. கீழ பலகையில உங்க வீட்டு நம்பருக்குப் பக்கத்துல வக்கீல்னு போட்டிருக்கில்ல, எத்தனை தடவை அதைப் பாத்திருப்பேன், இன்னைக்குத்தான் ஏறி வந்து ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணுச்சு. சோபா வேணாங்க, வேலைத் துணி, கிரீஸ் ஒட்டிக்கும். இந்த ஸ்டூல் போதும். கதவு மட்டும் அப்படியே லேசா சாத்தி இருக்கட்டும். வெளிய என் கூடை இருக்கு. டூல்ஸ்தான். யாராவது தூக்கிட்டுப் போயிட்டா வம்பு.

விஷயம் என்னன்னா, ஒரு டாக்டர் மேல புகார் குடுக்கணும். மனுசங்க டாக்டர் இல்ல, மிருக டாக்டர். எங்க வீட்டுப் பூனைக்கு வியாதி, அதை அந்த ஆள் கண்டுபிடிக்காம விட்டுட்டாரு. அதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு, எங்க போயி கேக்கணும், என்ன கேக்கலாம், அதான். நீங்க ஏதோ சொல்ல வர்றீங்க. இருங்க வக்கீலம்மா, நான் சொல்லி முடிச்சுடறேன். நடுவுல விட்டா எனக்குக் கோர்வையா வராது.

பேரு மேஸ்திரி. சிரிக்காதீங்க, அவன் நடத்தை அப்படி. நான் வீட்ல எதையாவது கழட்டிப் போட்டு உக்காந்தா, எதிர்ல வந்து முன்னங்காலை மடிச்சு வச்சுக்கிட்டு மேற்பார்வை பாப்பான். ஸ்க்ரூ கீழ விழுந்தா என்னை ஒரு பார்வை பாப்பான் பாருங்க, எங்க கம்பெனி இன்ஜினியர்கூட அப்படிப் பாத்ததில்ல. குட்டியா இருக்கறப்ப மழையில நனைஞ்சு எங்க வாசல்ல நின்னான், உள்ள கூப்பிட்டேன், அவ்ளோதான். எங்க வீட்டுக்காரி முதல்ல முறைச்சா. இப்ப எனக்குத் தட்டு வைக்கறதுக்கு முன்னாடி அவனுக்கு வச்சுடறா.

போன வருசக் கடைசியிலேருந்து அவன் இளைக்க ஆரம்பிச்சான். சாப்பாட்டுல குறையே இல்ல, நல்லா சாப்பிடுவான், ஆனா தூக்கினா கையில கனமே தெரியல. தெருமுனையில ஒரு டாக்டர் இருக்காரு, அவர்கிட்ட கொண்டு போனேன். வயித்தை அமுக்கிப் பாத்தாரு, வாயைத் திறந்து பாத்தாரு, வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்னாரு. பூச்சி மருந்து குடுத்தாரு. மறுபடியும் போனேன். சாப்பாட்டை மாத்துங்கன்னாரு. மாத்தினேன். மறுபடியும் போனேன். வெயில்ங்கன்னாரு. வெயில்ல பூனை கரைஞ்சா போவும்? அதை அவர்கிட்ட கேக்கல, வீட்டுக்கு வந்து சுவத்துகிட்ட கேட்டேன். எதிர்ல ஒரு ஆளு வெள்ளைக் கோட்டு போட்டு நின்னா நமக்கு வாய் எழும்பாது.

இப்ப என் தொழிலை எடுத்துக்கங்க. லிஃப்ட் நடுவுல நின்னுச்சுன்னா, உள்ள மாட்டினவர் வெளிய வந்த உடனே கம்பெனிக்குப் போன். என்னைக் கூப்பிட்டு நிக்க வச்சு, கடைசியா எப்ப பாத்த, எதைப் பாத்த, எதைப் பாக்காம விட்டன்னு குடைஞ்சு எடுத்துடுவாங்க. நான் பாட்டுக்கு லிஃப்டுக்கு வயசாயிடுச்சு, வெயில்னு சொல்லிட்டு வர முடியுமா? எனக்கு மட்டும்தான் கேள்வி, அவருக்குக் கேள்வி கிடையாதா? அதான் எனக்குப் பொறுக்கல.

அது என்ன சத்தமா? சுரண்டற மாதிரி இருக்கா? அது லிஃப்ட் கதவுங்க. அடிக்கட்டை உரசும். ஆமாமா, இப்பதான் சரி பண்ணேன்னு சொன்னேன். போறப்ப எண்ணெய் விட்டுட்டுப் போறேன். நீங்க உக்காருங்க.

கடைசியில பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். அங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசு. என்னைக் கேக்கறதுக்கு முன்னாடியே ரத்தம் எடுத்துட்டாங்க. கொஞ்ச நேரத்துல வந்து, சர்க்கரை வியாதின்னாங்க. பூனைக்கு சர்க்கரை வியாதி. நான் நம்பல. இவன் என்னைக்கு இனிப்பைத் தொட்டான்? அப்படி வர்றதில்லையாம், அதை அவங்க எனக்கு ரொம்பப் பொறுமையா விளக்குனாங்க. எத்தனை மாசமா இருக்குமோ தெரியல, முன்னாடியே பாத்திருந்தா இவ்ளோ இளைச்சிருக்க மாட்டான்னு அந்தம்மா வாயாலயே வந்துடுச்சு. எனக்கு உச்சந்தலையில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு.

நேரா தெருமுனைக்குப் போனேன். வாய்க்கு வந்தபடி கேட்டேன். உக்காந்திருந்த ஜனம் எல்லாம் அவங்கவங்க நாயை இழுத்து மடியில வச்சுக்கிச்சு, அவ்ளோ சத்தம். அவர் பாட்டுக்கு அலமாரியைத் திறந்து மேஸ்திரியோட சீட்டைத் தேடிக்கிட்டிருந்தாரு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். சண்டைக்கு வந்தா திருப்பிச் சண்டை போடணும்ல?

சிகிச்சைக் குறிப்பு எல்லாத்துக்கும் நகல் கேக்கலாமா? அது நம்ம உரிமையா? சரி. அதை நான் கேக்காமலே அவர் எடுத்துக் குடுத்துட்டாருங்க. இதோ பையில இருக்கு. அப்புறம்? இன்னொரு டாக்டர்கிட்ட எழுத்துல கருத்து வாங்கணும். அது பெரிய ஆஸ்பத்திரியில குடுப்பாங்க. அப்புறம் மிருக டாக்டருங்களுக்குன்னு ஒரு கவுன்சில் இருக்கும், அதுக்கு எழுதலாம். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போலாம். இது எல்லாம் நமக்குத் திறந்த வழிதான்ங்கறீங்க. நல்லது.

என்ன கேட்டீங்க? தப்பு வேற, அலட்சியம் வேறயா?

அது எப்படிங்க. ம். ம். அதாவது, அதே நிலைமையில வேற ஒரு சாதாரண டாக்டர் இருந்தா ரத்தம் எடுத்துப் பாத்திருப்பாரா, மாட்டாரா. அதைத்தான் பாப்பாங்க. சரி, புரியுது. எடுத்துப் பாத்திருப்பாரு. ஏன் பாத்திருக்க மாட்டாரு? ஒவ்வொரு தடவையும் எடை போட்டு, குறைஞ்சிருக்குன்னு இவரே கைப்பட எழுதி வச்சிருக்காரே.

அவருக்கு நான் என்ன தகவல் குடுத்தேனா?

தண்ணி கொஞ்சம் குடுக்கறீங்களா? நாக்கு ஒட்டிக்குது. போதும், போதும், முழு கிளாஸ் வேணாம்.

அங்கதாங்க இடிக்குது. நீங்க வக்கீல், நேரா கையை அங்கயே வச்சுட்டீங்க. அவர் ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வி கேட்டாரு. தண்ணி எவ்ளோ குடிக்கிறான்னு. நான் ஒவ்வொரு தடவையும் ஒரே பதில் சொன்னேன். ஒரு கிண்ணம். பொய் இல்லைங்க, சத்தியமா. எங்க வீட்ல ஒரு கிண்ணம்தான் குடிப்பான். காலைல வைப்பேன், சாயங்காலம் காலியா இருக்கும். அதிகமா குடிக்கிறானான்னு கேட்டாரு, இல்லன்னேன். ஒண்ணுக்கு அதிகம் போறானான்னு கேட்டாரு, அவன் வெளியில போற பூனை, அதை நான் எங்க போயி பாக்கறது, இல்லன்னேன். அதிகமா தண்ணி குடிச்சாத்தான் அந்த வியாதின்னு சந்தேகமே வருமாம். ஒரு கிண்ணம்னு சொன்னதும் அவர் வேற பக்கம் போயிட்டாரு. குறிப்புலயும் அதை எழுதி வச்சிருக்காரு, தண்ணி சாதாரணம்னு.

ஆனா, ஒரு கிண்ணம் குடிக்கிற பூனை எப்படிங்க அப்படி இளைக்கும்? அந்தப் பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவும் இதைத்தான் கேட்டாங்க. இவ்ளோ சர்க்கரை இருந்தா ஒரு கிண்ணம் எல்லாம் பத்தாதே, வேற எங்கயாவது குடிக்கிறானோன்னாங்க. நான் சாக்கடையை நினைச்சேன். பக்கத்து வீட்டு வாளியை நினைச்சேன். எது எதையோ நினைச்சேன்.

இருங்க, இன்னும் இருக்கு. நீங்க ஏன் அடிக்கடி பால்கனிப் பக்கம் பாக்கறீங்க? தெரியும், நீங்க சொல்ல வேணாம். இல்ல, எனக்கு ஒண்ணும் தெரியாது, நீங்க பாருங்க, நான் பேசிட்டே இருக்கேன்.

ஊசி எழுதிக் குடுத்தாங்க, மருந்தை ஃப்ரிட்ஜுலதான் வைக்கணும்னாங்க. காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, சாப்பாட்டோட. இந்தக் கை இருக்கே, இது அத்தனை இரும்பையும் கழட்டி மாட்டின கை. அந்தத் துளியூண்டு ஊசியை எப்படிப் பிடிக்கறதுன்னு அதுக்குத் தெரியல. எங்க வீட்டுக்காரி தலையைப் பிடிச்சுப்பா, நான் கழுத்துத் தோலைத் தூக்கிக் குத்துவேன். அவன் அசையக்கூட மாட்டான். வேலை நல்லாத்தான் பண்றன்னு மேற்பார்வை பாத்துட்டு, சாப்பிட்டு முடிச்சு, மதில் ஏறிக் குதிச்சுப் போயிடுவான். தினமும் போற வழக்கம்தான். நான் கவலைப்பட்டதில்ல. ஆம்பளைப் பூனை, நாலு இடம் சுத்தத்தான் செய்யும்.

கொஞ்ச நாள் கழிச்சு ஒரு காலைல வந்தான் பாருங்க, நடக்க முடியல. பின்னங்கால் ரெண்டும் சரிஞ்சு சரிஞ்சு போகுது. கண்ணு எங்கயோ பாக்குது. கூப்பிட்டா தெரியல. அப்புறம் வலிப்பு மாதிரி இழுக்க ஆரம்பிச்சுடுச்சு. எனக்குக் கையும் ஓடல காலும் ஓடல. வீட்டுக்காரிதான் சர்க்கரைப் பாகைத் தொட்டு ஈறுல தடவினா, டாக்டரம்மா சொல்லிக் குடுத்திருந்தாங்க. மடியில போட்டுக்கிட்டுப் போனேன். வழி முழுக்க, டேய் மேஸ்திரி, டேய் மேஸ்திரின்னு பேசிட்டே போனேன். ஆட்டோக்காரர் என்னைத்தான் வியாதிக்காரன்னு நினைச்சிருப்பாரு.

சர்க்கரை ரொம்ப இறங்கிடுச்சுன்னு அங்க குளுக்கோஸ் ஏத்தினாங்க. பொழைச்சுட்டான். ஆனா டாக்டரம்மா முகம் மாறிடுச்சு. ரெண்டு தடவை ஊசி போட்டுட்டீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னேன். வீட்ல உங்களுக்குத் தெரியாம வேற யாராவது போட்டிருப்பாங்களான்னாங்க. எங்க வீட்ல நானும் அவளும்தான், ரெண்டு பேரும் சேர்ந்து போட்டாத்தான் ஒரு ஊசியே முடியும்னேன். அளவை அதிகமா எழுதிக் குடுத்துட்டு இப்ப என் தலையில கட்டறீங்களான்னு அங்கயும் சத்தம் போட்டேன். தெருமுனையில போட்ட அதே சத்தம். அவங்க மேலயும் சேர்த்துப் புகார் குடுக்கறேன்னு சொன்னேன்.

அப்ப அந்தம்மா அவன் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினாங்க. இது நாங்க முடி வழிச்சு ரத்தம் எடுத்த இடம். சரி. இன்னொரு காலைத் தூக்கினாங்க. இதை யார் வழிச்சதுன்னு கேட்டாங்க. பாத்தா, அங்கயும் ஒரு சின்னச் சதுரம், சுத்தமா மெஷின் போட்டு எடுத்த மாதிரி, முடி இப்பதான் திரும்ப முளைக்குது. நீங்கதான் வழிச்சிருப்பீங்க, மறைக்கறீங்கன்னேன். சொன்னேனே தவிர, அந்தச் சதுரத்தை விரலால தடவித் தடவிப் பாத்தேன். வேற ஏதோ ஒரு டாக்டர், வேற ஏதோ ஒரு நாள், இவனை மேசையில நிக்க வச்சு ரத்தம் எடுத்திருக்காரு. அப்ப இவனை யாரோ தூக்கிட்டுப் போயிருக்காங்க. தூக்கவும் இவன் விட்டிருக்கான். யாரு தூக்கினாலும் விடற பூனை இல்லைங்க அவன்.

நீங்க ஏன் எழுந்துட்டீங்க? உக்காருங்கம்மா. தயவு செஞ்சு. கொஞ்சம்தான் பாக்கி. உக்காந்தாத்தான் எனக்குச் சொல்ல வரும்.

ஒரு சட்டம் மட்டும் சொல்லுங்க. ஒரு பூனைக்கு உரிமையாளர்னா யாருங்க? குட்டியில எடுத்து வளத்தவரா? சோறு போடறவரா? டாக்டர் சீட்டுல யார் பேர் இருக்கோ அவரா? புகார் எழுதற ஃபாரத்துல முதல் கேள்வியே அதுதானாமே. ரெண்டு சீட்டு இருந்தா? ரெண்டு பேரு, ரெண்டு டாக்டர், ரெண்டு சீட்டு, ஒரே பூனை. அப்படி இருந்தா கோர்ட்டு யார் பக்கம் சாயும்? வக்கீல் ஒரு பக்கம், லிஃப்ட் மெக்கானிக் ஒரு பக்கம்னு வச்சுக்கங்களேன். சும்மா ஒரு பேச்சுக்கு.

பேச்சுக்கு இல்லைங்க. மன்னிச்சுக்கங்க.

உங்க வாட்ச்மேன் நேத்து என்னை நிறுத்தினாரு. மாடியில வக்கீலம்மாவோட பூனை, பால்கனி வழியா வந்து போறது, காணாமப் போயிடுச்சு, சாம்பல் கலர், ஒரு காது நுனி கிழிஞ்சிருக்கும், நீங்க பின்தெருவுலதானே இருக்கீங்க, கண்ணுல பட்டா சொல்லுங்கன்னாரு. அதோட விட்டிருந்தா நானும் சரின்னு தலையாட்டிட்டுப் போயிருப்பேன். அதுக்குச் சர்க்கரை வியாதியாம், ஊசி போடலன்னா செத்துடுமாம், அந்தம்மா வாசல் கேட்டுகிட்ட நின்னு அழுதாங்கன்னாரு. ஊசின்ற வார்த்தை காதுல விழுந்ததும் எல்லாம் ஒரே நேரத்துல புரிஞ்சுடுச்சு. அந்தச் சதுரம், அந்த இழுப்பு, அந்த ஒரு கிண்ணம் தண்ணி. எங்க வீட்ல ஒரு கிண்ணம். இங்க எத்தனை கிண்ணம்? உங்க டாக்டர் கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க? ஒண்ணுதானே. நினைச்சேன். நீங்களும் பொய் சொல்லல, நானும் சொல்லல. தண்ணியில பாதிப் பாதி சொன்னோம், மருந்துல ரெட்டிப்பா போட்டோம். ஏன் இளைக்கிறான்னு ரெண்டு வீட்லயும் உக்காந்து கவலைப்பட்டிருக்கோம், நடுவுல ஒரு மதில்.

நீங்க என்னன்னு கூப்பிடுவீங்க? பட்டுவா? பட்டு. அவன் பட்டுங்கற பேருக்கு வந்துட்டுப் போயிருக்கான். எங்ககிட்ட மேஸ்திரி வேலை, உங்ககிட்ட மெத்தையில தூக்கம். சம்பளமும் ரெண்டு இடத்துல. பலே ஆளு.

அழாதீங்க. இருக்கான், உயிரோடதான் இருக்கான். ஆஸ்பத்திரியிலேருந்து எங்க வீட்டுக்குத்தான் கூட்டிட்டு வந்தேன். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி உள்ளயே வச்சேன். உண்மையைச் சொல்லிடறேன், வாட்ச்மேன் சொன்னதுக்கப்புறமும் உங்ககிட்ட சொல்லாம இருந்துடலாம்னுதான் பாத்தேன். வக்கீல் வீட்ல போயி இது என் பூனைன்னு நின்னா நான் ஜெயிப்பேனா? இழுத்து மூடிட்டா முடிஞ்சுது, ஊசியும் ஒரே இடத்துல போகும், யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். ஆனா அவன் விடல. ஜன்னல்ல ஏறி மதிலையே பாத்துட்டு உக்காந்திருக்கான். வச்ச சாப்பாட்டைத் தொடல. சாப்பிடலன்னா ஊசியும் போட முடியாது, உங்களுக்குத் தெரியுமே. வீட்டுக்காரிதான் சொன்னா. நீயும் பூனையும் சேர்ந்து இளைச்சா நான் எந்த டாக்டர்கிட்ட போறது, போயி சொல்லிட்டு வான்னு. இங்க கூட்டிட்டு வரப்போறேன்னு கூடையைத் திறந்ததும் தானா உள்ள ஏறி உக்காந்துட்டான், வழி தெரிஞ்ச மாதிரி. அப்புறம்தான் பாதித் தட்டு சாப்பிட்டான், அதுவும் கூடைக்குள்ளயே.

புகாரா? அந்தத் தெருமுனை டாக்டர் எடை குறையறதை எழுதி வச்சும் யோசிக்கல, அதுக்கு அவர் பதில் சொல்லத்தான் வேணும். நான் விடமாட்டேன். ஆனா தண்ணியைப் பத்திக் கேட்டா, பதில் சொல்ல வேண்டியவங்க நாம ரெண்டு பேரு. அதனால எழுதறதா இருந்தா சேர்ந்தே எழுதுவோம். உரிமையாளர்னு இருக்கற இடத்துல ரெண்டு பேரு போட வழி இருக்கான்னு பாருங்க. இல்லன்னா அவன் பேரைப் போடுங்க, நாமதான் அவனுக்குச் சொந்தம்.

ஆமாங்க. அந்தச் சத்தம் லிஃப்ட் கதவு இல்ல. என் டூல்ஸ் எல்லாம் கீழ வாட்ச்மேன்கிட்ட இருக்கு. பொறுங்க, நான் கூடையை உள்ள எடுத்துட்டு வர்றேன், நீங்க நிலை தடுமாறிடப் போறீங்க.

இந்தாங்க. மேல மூடியிருக்கற துண்டை மெதுவா எடுங்க. பாருங்க, உங்க கையை எப்படி முட்டறான்னு. என்னை இப்படி முட்டினதே இல்ல, சொல்றேன். சரி, வச்சுக்கங்க. சாயங்காலம்வரைக்கும் இங்கயே இருக்கட்டும், நான் வேலை முடிச்சு இந்த வழியாத்தான் போவேன்.

எங்க போறீங்க? அம்மா, ஃப்ரிட்ஜைத் திறக்காதீங்க. தண்ணி மட்டும் வைங்க. ஊசி காலைலயே நான் போட்டாச்சு.